கொங்கு நாட்டு ஊர்க்கொல்லர்

ஊர்க்கொல்லர் என்போர் கிராமத்தின் உழவுக் கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் தந்த இரும்புத் தொழிலாளர் ஆவர். கொங்கு வட்டாரத்தில் இவர்களைக் கருமான், ஆசாரி என்றும் அழைப்பதுண்டு. கம்மாளரின் ஐந்து பிரிவுகளில் கொல்லரும் ஒன்று. மற்றவை தச்சர், கல்தச்சர், கன்னார், தட்டார். இன்று விசைத்தறிக்குப் பெயர்பெற்ற சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரமும் முன்பு உழவையும் கொல்லுப் பட்டறையையும் நம்பியிருந்த பகுதியே.

பின்னணி

நொய்யல் கரையில் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. சோமனூருக்குக் கிழக்கே, ஈரோடு மாவட்டக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. அவை 2000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை.

பட்டறை வேலை

கரி உலை, துருத்தி, பட்டறைக்கல், சம்மட்டி, குறடு ஆகியவை பட்டறையின் முதன்மைக் கருவிகள். வீட்டுப் பெண்களும் சிறுவர்களும் துருத்தி ஊதினர். ஆடிப்பட்டத்து உழவுக்கு முன் தேய்ந்த கொழுக்கள் பட்டறைக்கு வரும். கொல்லர் அவற்றைப் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்ப்பார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதும் அவர் வேலையே. சூட்டில் விரிந்த இரும்பு வளையத்தை மரச்சக்கரத்தில் ஏற்றி நீர் ஊற்றினால், அது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும்.

கூலியும் நிலமும்

ஒவ்வொரு வேலைக்கும் உடனே பணம் தரும் வழக்கம் குறைவு. அறுவடையின்போது களத்துமேட்டில் வள்ளக் கணக்கில் சோளம், கம்பு போன்ற தானியங்கள் அளக்கப்பட்டன. சில ஊர்களில் கொல்லருக்கு மானிய நிலமும் இருந்தது. இதனால் பலர் உலை வேலை குறைந்த நாட்களில் தம் காட்டில் உழுதனர். மழை பொய்த்தால் சொந்த விளைச்சலோடு களத்துக் கூலியும் குறைந்தது. ஊரின் பஞ்சம் இருமடங்காக அவர் வீட்டைத் தாக்கியது.

மாற்றங்கள்

பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. கோவை வட்டாரக் கிணறுகளில் மின்மோட்டார்கள் பரவ, மாடு பூட்டி நீர் இறைத்த கவலை ஏற்றம் மெல்ல மறைந்தது. அதன் இரும்புச் சால்களைச் செப்பனிடும் வேலையும் போயிற்று. பிறகு டிராக்டர் வந்து கொழுவின் தேவையைக் குறைத்தது. எஞ்சியிருந்த சிறு இனாம் நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்ற 1963இல் சட்டம் இயற்றப்பட்டது. நூற்றாண்டின் பிற்பகுதியில் விசைத்தறி பெருகியபோது, இரும்பு வேலை தெரிந்தவர்களுக்குத் தறிப் பழுதுபார்ப்பும் லேத் பட்டறையும் புதிய பிழைப்பாயின.

தந்தை தொழிலைப் பிள்ளை தொடர வேண்டுமா என்ற கேள்வி அரசியலாகவும் ஆனது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் செய்யும் திட்டத்தை 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட அது 1954இல் கைவிடப்பட்டது. 2023இல் தொடங்கிய ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்திலும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை.

குடும்ப வரலாற்றில்

கொல்லர் குடும்பங்களில் தொழில் கணக்கேடுகள் கிடைப்பது அரிது. தானியமாக வாங்கிய கூலிக்கு ரசீது இருப்பதில்லை. ஆகவே முன்னோரைத் தேடுவோருக்கு நில ஆவணங்களே பெரிதும் உதவும். 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் மானியம் பெற்றவர், அதன் நோக்கம், நிலப் பரப்பு ஆகியவற்றைக் காட்டும். கிராம 'அ' பதிவேடும் பழைய பத்திரங்களும் அடுத்த தலைமுறைகளை இணைக்கும். ஆனால் இவற்றில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே உள்ளன. துருத்தி ஊதிய பெண்களின் உழைப்பை அறிய, வீட்டு முதியோரின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வதே முதன்மை வழி.