வீட்டிலே ஒரு சினிமாக் கொட்டகை!
ஆறு ஸ்பீக்கர்களையும் ஒற்றுமையாகப் பேச வைப்பது எப்படி?

சினிமாக் கொட்டகையில் கேட்பது போன்ற சத்தம் நம் வீட்டிலும் கேட்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை?

படத்தில் மழை பெய்தால், நம் முதுகுக்குப் பின்னாலும் மழைச் சத்தம் கேட்க வேண்டும். ரெயில் வந்தால், இடது பக்கம் கிளம்பி வலது பக்கம் போய் மறைய வேண்டும்.

இதற்காகத்தான் பலர் பணம் சேர்த்து வைத்து "ஹோம் தியேட்டர்" கருவி வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு நடப்பது என்ன?

சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிருகிறது. கதாநாயகி பேசுவதோ காதில் விழுவதில்லை! "அவள் என்ன சொன்னாள்?" என்று பாட்டி கேட்கிறாள். பேரன் சத்தத்தைக் கூட்டுகிறான். அடுத்த நிமிடம் ஒரு வெடிச் சத்தம்! தொட்டிலில் தூங்கும் குழந்தை வீறிட்டு அழுகிறது.

குற்றம் பெரும்பாலும் கருவியில் இல்லை. ஸ்பீக்கரை வைத்த இடத்தில் இருக்கிறது. கம்பியை மாட்டிய விதத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் பொறுமையாக வேலை செய்தால், இந்தக் குறையைப் பெரிதும் போக்கிவிடலாம்.

யார் இந்த டால்பி?

பல பக்கங்களில் இருந்து சத்தம் வரும்படி செய்வது புதிய யோசனை அல்ல. 1940ஆம் ஆண்டிலேயே வால்ட் டிஸ்னி தமது "பேண்டசியா" படத்துக்கு இப்படிச் செய்தார். அதற்காகக் கொட்டகையில் தனிக் கருவிகளைப் பொருத்தினார்.

"டால்பி" என்ற பெயரை டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர்! ரே டால்பி என்பவர் அமெரிக்கர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக நம் இந்தியாவில் வேலை பார்த்தவர். 1965ஆம் ஆண்டு அவர் லண்டனுக்குப் போய்த் தமது கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் "டால்பி சரவுண்டு" முறை, 1982ஆம் ஆண்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆறு பேர், ஆறு வேலை

கருவியின் மீது "5.1" என்று போட்டிருக்கும். அதற்கு என்ன பொருள்?

முன்னால் மூன்று ஸ்பீக்கர்கள்: இடது, நடு, வலது. பக்கங்களில் இரண்டு. ஆக மொத்தம் ஐந்து. புள்ளிக்குப் பின்னால் உள்ள "1" என்பது "சப்-ஊபர்". இடி, வெடி, முரசு போன்ற கனத்த சத்தம் இதன் பொறுப்பு.

இவற்றில் முக்கியமானது எது தெரியுமா? நடு ஸ்பீக்கர்தான்! படத்தில் பேசும் பேச்சு பெரும்பாலும் இதன் வழியாகவே வருகிறது.

தபால் ஆபீசில் கடிதங்களைத் தெருத் தெருவாகப் பிரிக்கிறார்கள் அல்லவா? அதைப் போல, எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பதுதான் "பிராசசர்" செய்யும் வேலை. பிரித்த சத்தத்துக்கு வலு கொடுப்பது "ஆம்ப்ளிபயர்". இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால், அதை "ரிசீவர்" என்கிறார்கள். பிராசசரை மட்டும் தனியாக வாங்கினால், ஆம்ப்ளிபயரும் வாங்க வேண்டியிருக்கும். கடையிலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது?

நடு ஸ்பீக்கர்: டி.வி.க்கு நேர் கீழே வையுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைக்காதீர்கள். பலகையின் முன் விளிம்பு வரை இழுத்து, முகத்தைச் சற்று மேல்நோக்கித் திருப்பி வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

இடது, வலது ஸ்பீக்கர்கள்: நீங்கள் 8 அடி தூரத்தில் உட்காருகிறீர்களா? அப்படியானால் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 8 அடி இருக்கட்டும். இடம் போதாவிட்டால் சற்றுக் குறையலாம். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள்.

பக்க ஸ்பீக்கர்கள்: பலர் இவற்றை அறையின் பின் மூலையில் மாட்டிவிடுகிறார்கள். அது சரியல்ல. உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும், சற்றே பின்னால், காதுக்கு ஓரிரு அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

சப்-ஊபர்: அறை மூலையில் வைத்தால் சத்தம் கூடும். ஆனால் "கும்" என்ற இரைச்சலும் சேரலாம். ஓரிரு அடி நகர்த்திப் பார்த்து, நல்ல இடத்தைப் பிடியுங்கள்.

மின்சாரம் ஜாக்கிரதை!

கம்பி மாட்டும் முன், மின்சாரப் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

ஸ்பீக்கர் கம்பி இரட்டைக் கம்பி. ஒன்றில் கோடு போட்டிருக்கும், அல்லது நிறம் வேறாக இருக்கும். ரிசீவரில் சிவப்பில் மாட்டிய கம்பியை ஸ்பீக்கரிலும் சிவப்பிலேயே மாட்டுங்கள். கறுப்புக்குக் கறுப்பு. ஒரே ஒரு ஸ்பீக்கரில் மாறிப் போனாலும் கனத்த சத்தம் செத்துப் போகும்!

நுனியில் உள்ள மெல்லிய இழைகளை நன்றாக முறுக்குங்கள். சிவப்பின் இழை கறுப்பைத் தொட்டால் ஆம்ப்ளிபயர் பழுதாகிவிடலாம்.

டி.வி.யோடு இணைப்பது

டி.வி.யின் பின்புறம் "எச்.டி.எம்.ஐ." துளைகள் இருக்கும். அவற்றில் "ஏ.ஆர்.சி." என்று எழுதிய துளையைத் தேடுங்கள். ரிசீவரிலும் அதே பெயருள்ள துளை இருக்கும். இரண்டையும் ஒரே கேபிளால் இணையுங்கள். பிறகு டி.வி.யின் ஒலிப் பகுதியில், சத்தம் ரிசீவருக்குப் போகும்படி மாற்றுங்கள்.

அங்கே "பி.சி.எம்." என்று வைத்திருந்தால், பல டி.வி.க்கள் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு உரிய சத்தத்தை மட்டுமே அனுப்பும். "பிட்ஸ்ட்ரீம்" அல்லது "பாஸ்-த்ரூ" என்று மாற்றிப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். படத்திலேயே 5.1 ஒலி இருந்தால்தான் ஆறு பேருக்கும் தனித்தனி வேலை இருக்கும்.

தூரக் கணக்கு

சத்தம் ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அதாவது, ஓர் அடி தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. 4 அடியில் உள்ள ஸ்பீக்கரின் சத்தம், 10 அடியில் உள்ள ஸ்பீக்கரை முந்திக்கொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேர வேண்டாமா?

அதற்காக, ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிராசசருக்குச் சொல்ல வேண்டும். டேப்பால் அளந்து எண்ணைப் போடலாம். பல ரிசீவர்களோடு ஒரு சிறு மைக் வருகிறது. உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டால், ரிசீவரே அளந்துகொள்ளும். அப்போது யாரும் பேசக் கூடாது!

சிறிய ஸ்பீக்கர்கள் கனத்த சத்தத்தைத் தாங்காது. ரிசீவரில் "கிராஸ் ஓவர்" என்ற இடத்தில் 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அதற்குக் கீழே உள்ள சத்தம் சப்-ஊபருக்குப் போய்விடும்.

பேச்சு புரியவில்லையா?

மொத்தச் சத்தத்தையும் கூட்டாதீர்கள். நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். இரவு நேரத்துக்கென்று "நைட் மோடு" இருந்தால், அதைப் போடுங்கள். வெடிச் சத்தம் அடங்கும். மெதுவான பேச்சு மேலே வரும். வீட்டில் வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

உதடு முன்னே, பேச்சு பின்னே வருகிறதா? அல்லது பேச்சு முந்துகிறதா? "லிப் சிங்க்" என்ற இடத்தில் சரி செய்யலாம்.

காது போனால் வராது!

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபெல் சத்தம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. குழந்தைகளுக்கு 75 டெசிபெல்தான். சத்தம் கூடக் கூட, கேட்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஓரளவுக்கு அளந்து காட்டும் செயலிகள் செல்போனிலேயே உண்டு.

ரிசீவர் சூடாகும் கருவி. அதன் மேலே துணியோ, புத்தகமோ, பூச்சாடியோ வைக்காதீர்கள். இடி, மின்னல் வருவதற்கு முன்பே பிளக்கையும், டி.வி. கேபிளையும் கழற்றி விடுங்கள். மின்னத் தொடங்கிய பிறகு தொட வேண்டாம்.

இவ்வளவும் செய்ய, ஓர் அளவு டேப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதும் போதும். புதுக் கருவி வாங்கக் கடைக்கு ஓடும் முன், வீட்டில் இருக்கும் கருவியை இப்படி ஒரு முறை சரிபார்த்து விடுங்கள்!