'அது ஃபவுலே இல்ல!': 3.9 விநாடியில் முடிந்துபோன ஒரு மேட்ச். ரசிகர்கள் இன்னும் ஏன் சண்டை போடுகிறார்கள்?

என் சித்தி பொண்ணு நாகலாபுரத்தில் இருந்து தினமும் கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் போய் காலேஜ் படிக்கிறாள். காலேஜ் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது போனைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"யக்கா, இதைப் பாத்துட்டு சொல்லு. ஃபவுலா, இல்லையா?"

பத்து விநாடி வீடியோ. ஒரு பெண் பந்தோடு ஓடுகிறார். இன்னொரு பெண் குறுக்கே நிற்கிறார். மூன்றாவது பெண் அவர்மேல் மோதுகிறார். விசில். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கமென்ட்ஸைத் திறந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். தேதியைப் பார்த்தேன். 2024 ஏப்ரல்.

இவ்வளவு நாளாகியும் ஆறாத சண்டை என்றால் உள்ளே ஏதோ இருக்கணுமே என்று தோண்ட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இது என்ன போட்டி?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்தில் வழக்கமான சீசன் முடிந்ததும் மார்ச் மாதம் ஒரு நாக் அவுட் தொடர் தொடங்கும். பெண்கள் பிரிவில் 68 அணிகள். ஒரு மேட்ச் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாவது வாய்ப்பு, ரன் ரேட், லீக் பாயின்ட் எதுவும் கிடையாது. ஏப்ரல் முதல் வாரத்தில் நான்கு அணிகள் மிஞ்சும். அதற்கு 'ஃபைனல் ஃபோர்' என்று பெயர். இந்த மொத்தக் கூத்துக்கும் 'மார்ச் மேட்னஸ்' என்று பெயர்.

பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. தொடர் 1982-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரை 2021 வரை ஆண்கள் தொடருக்கு மட்டுமே பயன்படுத்தினார்கள். பெண்களுக்கு அந்தப் பெயர் கிடைத்தது 2022-ல்தான். பெயரில் கூடவா இப்படி என்று கேட்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

சரி, அந்த 3.9 விநாடி?

2024 ஏப்ரல் 5, கிளீவ்லேண்ட் நகரம். நம்ம நேரத்துக்கு அது சனிக்கிழமை காலை. அரையிறுதி. ஒரு பக்கம் அயோவா. அந்த அணியில் கெய்ட்லின் கிளார்க். மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தே பந்தைக் கூடைக்குள் போடுகிறவர். கல்லூரிக் காலத்தில் மொத்தம் 3,951 பாயின்ட் எடுத்தவர். மறுபக்கம் கனெக்டிகட் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூகான். அதற்கு முன் 11 முறை சாம்பியன் ஆன அணி. அவர்களின் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸ்.

பாதி ஆட்டத்தில் யூகான் முன்னிலை. பிறகு அயோவா துரத்திப் பிடித்தது. கடைசிக் கட்டத்தில் ஸ்கோர் அயோவா 70, யூகான் 69. பந்து யூகான் கையில். ஒரு கூடை விழுந்தால் இறுதிப்போட்டி.

பெக்கர்ஸுக்கு வழிவிடுவதற்காக அவருடைய சக வீராங்கனை ஆலியா எட்வர்ட்ஸ் குறுக்கே போய் நிற்கிறார். அயோவாவின் கேபி மார்ஷல் வந்து அவர்மேல் மோதுகிறார். விசில். எட்வர்ட்ஸ் மேல் ஃபவுல். கடிகாரத்தில் மீதி 3.9 விநாடி. பந்து அயோவாவுக்குப் போனது. அடுத்து கிளார்க் ஃப்ரீ த்ரோவில் ஒரு பாயின்ட் எடுத்தார். 71-69. ஆட்டம் முடிந்தது.

கடைசி ஷாட்டை அடித்துத் தோற்றிருந்தால் யூகான் ரசிகர்கள் ரெண்டு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பார்கள். அந்த ஷாட்டை அடிக்கவே விடவில்லை என்பதுதான் அவர்கள் ஆத்திரம்.

குறுக்கே நிற்பது தப்பா?

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் கல்யாண வீட்டுக்குப் போகலாம்.

முதல் பந்திக்கு இலை போட்டாச்சு. உங்களுக்கு இடம் பிடிக்கணும். உங்களுக்குப் போட்டியாக ஒரு மாமா வேகமாக வருகிறார். உங்க அண்ணன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறான். மாமா அவனைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். இதில் அண்ணன் மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவன் பாட்டுக்கு நின்றான். கூடைப்பந்தில் இதற்குப் பெயர் 'ஸ்கிரீன்'. முழுக்க முழுக்கச் சட்டப்படியானது. எல்லா அணியும் ஒவ்வொரு முறையும் செய்வது.

ஆனால் மாமா ஒதுங்கிப் போகும்போது அண்ணனும் ஒரு அடி நகர்ந்து இடுப்பால் தள்ளினால்? தோளைச் சாய்த்தால், முழங்கையை நீட்டினால்? அது ஃபவுல். நகரும் ஸ்கிரீன். மோதல் நடக்கும் நேரத்தில் ஸ்கிரீன் போடுகிறவர் நின்றபடி இருக்க வேண்டும், உடம்பை விட்டு வெளியே எதுவும் நீளக்கூடாது என்பதுதான் சுருக்கமான விதி.

எட்வர்ட்ஸ் முழுதாக நின்றாரா? இங்கேதான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள்.

ஒரு கூட்டம்: "வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, அவர் நகர்கிறார், கை வெளியே வருது. விதி முதல் நிமிஷத்துக்கும் கடைசி நிமிஷத்துக்கும் ஒண்ணுதான்."

இன்னொரு கூட்டம்: "இதைவிட மோசமான ஸ்கிரீனை அன்னைக்கு முழுக்க விட்டுட்டு, கடைசி 3.9 விநாடியில விசில் ஊதுறதா? மேட்சை ஆடுறவங்க முடிக்கணும், அம்பயர் முடிக்கக்கூடாது." லெப்ரான் ஜேம்ஸே அந்த முடிவை ஏற்க முடியவில்லை என்று அன்றைக்குப் பதிவு போட்டார். யூகான் கோச் ஜீனோ ஆரியம்மா, இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் ஒரு ஃபவுல் கொடுக்கலாம் என்ற பொருளில் பேசினார்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு, சந்தேகக் கூட்டம்: "கிளார்க் ஃபைனலுக்குப் போனாத்தானே டிவியில கூட்டம் வரும்?" இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஐ.பி.எல். பார்க்கிற நமக்கு இந்தக் குரல் புதுசும் இல்லை.

இவர்களில் யாரும் அதிகம் பேசாத ஒருவர் பெக்கர்ஸ். ஒரே ஒரு ஃபவுலால் மேட்ச் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை என்று அவர் அன்று இரவே சொல்லிவிட்டார். அடுத்த வருடம், 2025 ஏப்ரல் 6-ல், இறுதிப்போட்டியில் சவுத் கரோலினாவை 82-59 என்று வீழ்த்தி யூகானின் 12-வது கோப்பையைத் தூக்கினார். அப்படியும் அந்த 3.9 விநாடி வீடியோவுக்கு வயசாகவில்லை.

ஒரு விசிலுக்கு இவ்வளவு அக்கப்போரா?

என்னைக் கேட்டால், அந்த அக்கப்போர்தான் இதில் பெரிய செய்தி.

எண்களைப் பாருங்கள். 2023 இறுதிப்போட்டியில் எல்.எஸ்.யூ. 102-85 என்று அயோவாவை வென்றது. ஜெயித்த ஏஞ்சல் ரீஸ், கிளார்க்கைப் பார்த்து மோதிர விரலைக் காட்டியது ஒரு வாரம் ஓடிய விவாதம். அந்த மேட்சை அமெரிக்காவில் சராசரியாக 99 லட்சம் பேர் பார்த்தார்கள். நாம் பேசும் அயோவா-யூகான் அரையிறுதிக்கு 1.42 கோடி. இரண்டு நாள் கழித்து அயோவாவை 87-75 என்று சவுத் கரோலினா வென்ற இறுதிப்போட்டிக்கு சுமார் 1.9 கோடி. அதே வருடம் ஆண்கள் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்கள் சுமார் 1.48 கோடிதான். ஆண்கள் ஃபைனலைப் பெண்கள் ஃபைனல் முந்தியது அதுதான் முதல் தடவை.

இதை அப்படியே மூன்று வருடம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். 2021 மார்ச். ஆரிகன் பல்கலைக்கழக வீராங்கனை செடோனா பிரின்ஸ் ஒரு சின்ன வீடியோ போட்டார். ஆண்கள் தொடர் நடந்த இடத்தில் ஒரு ஹால் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு? ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்டு. 'இடம் போதவில்லை' என்று முதலில் சொல்லப்பட்ட காரணத்தையும் அவர் விடவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தை கேமராவைத் திருப்பிக் காட்டினார். விஷயம் வெடித்தது. வெளியில் இருந்து சட்ட நிறுவனம் ஒன்றை வைத்து விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. பெண்கள் தொடரின் ஒளிபரப்பு மதிப்பை இவ்வளவு காலம் குறைத்தே வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. 'மார்ச் மேட்னஸ்' பெயரும் 68 அணிகளும் பெண்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

பணம் வர இன்னும் தாமதமானது. ஆண்கள் தொடரில் ஒரு மேட்ச் ஜெயித்தால் அந்தக் கல்லூரி சார்ந்த கூட்டமைப்புக்குப் பங்குத்தொகை போகும். பெண்கள் எவ்வளவு ஜெயித்தாலும் பூஜ்யம். அது மாறியது 2025 தொடரில் இருந்துதான்.

நம்ம ஊர்ல இப்படி ஒரு தொடர் இல்லையா?

இருக்கிறது. யாரும் சண்டை போடுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

இங்கே கல்லூரிகள் நேரடியாக தேசிய அளவுக்குப் போவதில்லை, பல்கலைக்கழகம்தான் அணி. தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் ஆடுபவர்கள் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முதலில் நாக் அவுட், கடைசி நான்கு அணிகளுக்குள் லீக். அதில் தேறினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. 2020-ல் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் உண்டு. ஆக, ஒரு மேட்ச் தோற்றால் சீசன் முடிந்தது என்ற பதற்றம் இங்கேயும் அதேதான். பார்க்கத்தான் ஆள் இல்லை. பல மேட்சுகளில் யாராவது ஒரு மாணவி போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போட்டால்தான் ஸ்கோரே தெரியும்.

இந்தப் பக்கம் விளையாட்டு பார்க்கிற பழக்கம் இல்லாத ஊரும் இல்லை. கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், தீப்பெட்டி, அதோடு ஹாக்கி. செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. ஊர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடக்கும்போது கேலரியில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிகள் பெனால்டி கார்னருக்கு அம்பயரோடு மல்லுக்கட்டுவதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். கூடைப்பந்துக்குப் பெரியகுளம் இருக்கிறது. மே மாத அகில இந்தியப் போட்டிக்கு ராத்திரி எந்நேரமானாலும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ரெண்டும் ஆண்கள் போட்டிகள்.

பெண்கள் ஆட்டத்தில் நமக்குத் திறமைக் குறைச்சலா? சென்னைக்காரர் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணியின் கேப்டன் ஆனவர். குழந்தை பிறந்த பிறகு மறுபடி களத்துக்கு வந்தார். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி டிவிஷன் இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று ரெண்டே பாயின்டில் வென்றதே, அந்த அணியில் அவரும் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. அந்த 75-73 மேட்சின் கடைசி நிமிஷத்தைப் பற்றி உங்களோடு யாராவது வாதாடியது உண்டா? எனக்கு இல்லை. கிளீவ்லேண்ட் விசிலைப் பற்றித் தெரிந்த அளவு எனக்கு பெங்களூரு ஃபைனலைப் பற்றித் தெரியவில்லை என்பதை எழுதும்போதுதான் உணர்ந்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் நம் பெண்கள் போயிருக்கிறார்கள். தெலங்கானாவின் கவிதா அகுலா கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகத்துக்கும், பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ் நார்தர்ன் அரிசோனாவுக்கும், பஞ்சாபின் ஹர்சிம்ரன் கவுர் சான் டியேகோவுக்கும் ஆடப் போனார்கள். முழு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். ஆனால் அதற்கு ஆட்ட வீடியோ வேண்டும், பார்க்கிற கோச் வேண்டும். இங்கே இருப்பவர்களின் கணக்கு வேறு. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு, ரயில்வே, போலீஸ். அதற்குச் சான்றிதழ் முக்கியம், சான்றிதழுக்கு எந்தச் சுற்றுவரை போனோம் என்பது முக்கியம். ஆக, தென் மண்டலத்தில் ஒரு தப்பான விசில் ஒரு பெண்ணின் வேலையையே தள்ளிப்போடலாம். ரீப்ளே பார்த்து அவளுக்காக ஆத்திரப்பட ஒரு ரசிகரும் இருக்க மாட்டார்.

அப்போ, ஃபவுலா இல்லையா?

விதிப்படி பார்த்தால் அது ஃபவுல் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே விதியை அன்றைக்கு முழுக்க ஒரே மாதிரி பிடித்திருந்தார்களா என்பது யூகான் ரசிகர்களின் நியாயமான கேள்வி. ரீப்ளே பார்த்து மாற்றலாமே என்பவர்களுக்கு: இந்த வகை ஃபவுலுக்கு ரிவ்யூ கிடையாது.

ஆனால் நான் சொல்வதைவிட என் சித்தி பொண்ணு சொல்வதற்கு மதிப்பு அதிகம். அவள் அணியில் ஸ்கிரீன் போடுகிற ஆளே அவள்தான். கூடத்தில் எழுந்து நின்று, கையை மார்பில் கட்டி, காலை ஊன்றிக் காட்டினாள்.

"இப்படி நிக்கணும்க்கா. எட்வர்ட்ஸக்கா நல்ல பிளேயர்தான், ஆனா நின்னு முடிக்கல. ஃபவுல்தான். நானும் போன வருஷம் செலக்‌ஷன் மேட்ச்ல இதேதான் பண்ணேன், கடைசி நிமிஷம்."

"ஊதிட்டாங்களா?"

"ஊதுனாங்க."

"அப்புறம் என்னட்டி ஆச்சு?"

"என்ன ஆச்சு? தோத்தோம். நாகலாபுரத்துக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்னு சாக்ஸைக் கூட கழட்டாம ஓடினேன்." போனை வாங்கி வீடியோவை மறுபடி முதலில் இருந்து ஓடவிட்டாள். "இந்த வருஷம் செலக்‌ஷனுக்கு நீ வர்றியாக்கா? வந்தா வீடியோ எடு. கைய ஆட்டாம எடு."