டோபார் வாங்கும் முன் படிக்க வேண்டிய தகடு

டோபார் என்பது காரின் பின்பக்கச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கப்படும் எஃகுச் சட்டமும், பம்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையும் சேர்ந்தது. டிரெய்லரின் முனை அந்த உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். பிரிட்டனில் சிறிய குடும்பக் கார் வைத்திருப்பவர்களும் இதைப் பரவலாகப் பொருத்துகிறார்கள். தோட்டக் கழிவை உள்ளாட்சியின் குப்பை மையத்தில் சேர்க்க, சைக்கிள் தாங்கி மாட்ட, கோடை விடுமுறைக்குச் சிறிய கேரவன் இழுத்துப்போக என்று தேவைகள் பல. காரின் எடை, சட்டம், காப்பீடு, மின் இணைப்பு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் தொடும் வேலை இது. இதில் பலர் தடுமாறும் இடம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது: இந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம்?

டோபார் எவ்வளவு உறுதியானது என்பது இதற்கு விடை தராது. ஓட்டுநர் உரிமமும் தராது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் கார் உரிமம் உள்ள எவரும் தனித் தேர்வு எழுதாமலேயே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். அதற்கு முன்பு, 1997 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லருக்குத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. இந்தத் தளர்வைக் கேள்விப்பட்டு, தங்கள் சிறிய காரும் 3,500 கிலோ இழுக்கும் என்று நினைத்துவிடுவது ஆபத்தான தவறு. உரிமம் ஓட்டுநரின் எல்லையை மட்டுமே சொல்கிறது. காரின் எல்லை வேறோர் இடத்தில் அச்சாகியிருக்கிறது.

அது காரின் சேஸிஸ் எண் தகடு. பெரும்பாலும் முன்கதவைத் திறந்தால் தூணின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும். சில கார்களில் பானெட்டுக்குள் இருக்கும். அதில் பொதுவாக நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். முதலாவது, ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்ந்து கார் எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை. மூன்றும் நான்கும் முன் அச்சு, பின் அச்சு தாங்கும் எடைகள். ஒரு காரில் முதல் எண் 1,800 கிலோ, இரண்டாவது எண் 3,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், முழுச் சுமையோடு போகும் அந்தக் கார் இழுக்கக்கூடியது 1,200 கிலோ. கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டின் எண்ணே செல்லும். இரண்டாவது எண் இல்லாவிட்டாலோ, அந்த வரி வெறுமையாக இருந்தாலோ, அந்தக் கார் இழுவைக்கு ஒப்புதல் பெறவில்லை என்று கொள்ள வேண்டும். சிறிய கார்களில், அதிலும் சில ஹைப்ரிட், மின்கார்களில் இந்த நிலை உண்டு. ஒரே பெயரில் விற்கும் காரில்கூட ஓர் எஞ்சினுக்கு அனுமதி இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் கார் கேரவன் இழுக்கிறது என்பது ஆதாரமாகாது.

பிரேக் இல்லாத சிறு டிரெய்லருக்குத் தனிக் கணக்கு. 750 கிலோ, அல்லது காரின் வெற்று எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. 1,200 கிலோ எடையுள்ள ஹேட்ச்பேக்குக்கு அது 600 கிலோ. சுமையோடு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு வேலை செய்யும் பிரேக் கட்டாயம். அத்தகைய டிரெய்லர் கழன்றால் தானாகவே பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி வடம் ஒன்றும் காரோடு மாட்டப்பட வேண்டும். கேரவன் இழுத்துப் பழக்கமில்லாதவர்கள் காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது கேரவன் சங்கங்கள் தரும் அறிவுரை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் சிறிய கார் வைத்திருப்பவர்கள் அதைச் சட்டம்போலவே எடுத்துக்கொள்வது நல்லது.

கார் தேறிய பிறகே டோபாரைத் தேட வேண்டும். 1998 ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் வகை ஒப்புதல் பெற்ற டோபார் மட்டுமே பொருத்தலாம். ஒப்புதல் எண்ணும், எந்தக் கார்களுக்கு அது ஏற்றது என்ற விவரமும் உள்ள அடையாளத் தகடு அதோடு வர வேண்டும். அந்தத் தகட்டில் இரண்டு மதிப்புகளும் இருக்கும். எஸ் மதிப்பு, உருண்டையின் மேல் செங்குத்தாக இறங்கக்கூடிய எடையைக் கிலோவில் சொல்கிறது. டி மதிப்பு, இழுவையின்போது காருக்கும் டிரெய்லருக்கும் இடையில் எழும் விசையைக் கிலோநியூட்டனில் சொல்கிறது. இரு எடைகளையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் தேவையான டி மதிப்பு கிடைக்கும். 1,800 கிலோ காரும் 1,200 கிலோ டிரெய்லரும் என்றால் ஏறக்குறைய 7.1 வரும். தகட்டில் அதற்குக் குறைவாக இருக்கும் சட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும். தகடே இல்லாத பழைய சட்டத்தை மலிவாக வாங்கி மாட்டுவது சிக்கனமாகாது; விபத்து நடந்தால் அதன் உறுதியை மெய்ப்பிக்க உரிமையாளர் கையில் எதுவும் இருக்காது.

வடிவங்களில் மூன்று முக்கியம். நிலையாக நிற்பது விலை குறைவு. ஆனால் நிறுத்துமிடத்தில் பின்னால் நடப்பவர்களின் முழங்காலைப் பதம் பார்க்கும், பின்பக்க சென்சாரையும் குழப்பலாம். கழற்றி மாட்டும் வகையில் கழுத்துப் பகுதியைத் திருகிக் கழற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். இதை மாட்டியதும் பூட்டு முழுமையாக விழுந்ததா என்பதைக் காட்டும் அடையாளத்தைப் பார்த்து, சாவியையும் எடுத்த பிறகே டிரெய்லரை இணைக்க வேண்டும். கழற்றிய காலத்தில் கழுத்து பொருந்தும் வாய்க்கு மூடி போடாவிட்டால் சேறும் உப்பும் புகுந்து அடுத்த கோடையில் பொறி இறுகிப்போகும். மூன்றாவது, பம்பருக்கு அடியில் மடங்கிக்கொள்வது. வசதியானது, விலை அதிகம்.

சைக்கிள் தாங்கிக்காக மட்டும் டோபார் வாங்குபவர்கள் எஸ் மதிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உருண்டையின் எல்லை 75 கிலோ, தாங்கியின் எடை 18 கிலோ என்றால் மிச்சம் 57. தலா 25 கிலோ எடையுள்ள மின்சைக்கிள்கள் இரண்டு ஏறும், மூன்றாவது ஏறாது. இழுவைக்கு அனுமதியே இல்லாத சில கார்களுக்குச் சைக்கிள் தாங்கிக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட சட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு சிறு டிரெய்லரைக்கூட மாட்டக்கூடாது. தாங்கி காரின் எண்பலகையை மறைத்தால் தாங்கியின் மேல் விளக்குடன் இன்னோர் எண்பலகை வேண்டும். மறைந்த எண்பலகைக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

ஒயரிங்தான் பிற்காலத் தொல்லைகள் பலவற்றுக்கும் ஊற்று. பழைய கார்களில் பின்விளக்குக்குப் போகும் ஒயரைச் சீவி இன்னொரு ஒயரை முறுக்கினால் டிரெய்லர் விளக்கு எரிந்துவிடும். இன்றைய கார்களில் ஒவ்வொரு விளக்குக்கும் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்பதை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கணித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஒயரில் கூடுதல் சுமை ஏறினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். மோசமானால் பெட்டியே பழுதாகும். இதைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. டிரெய்லர் விளக்குகளுக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து, காரின் ஒயரிலிருந்து சமிக்ஞையை மட்டும் வாங்கும் பொதுவான ரிலே ஒன்று. அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டு, காரின் மென்பொருளில் பதிவு செய்யப்படும் ஒயரிங் கிட் மற்றொன்று. இரண்டாவது விலை கூடினாலும், கேரவன் இழுக்கப்போகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். டிரெய்லர் மாட்டப்பட்டிருப்பது காருக்குத் தெரிந்தால்தான் பின் சென்சார் அமைதியாகும். பல கார்களில் டிரெய்லர் ஆடும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நிலைப்படுத்தும் வசதியும் அப்போதுதான் விழித்துக்கொள்ளும். அதை நம்பி வாங்கிய காரில் அது தூங்கிக்கொண்டே இருப்பதை உரிமையாளர் அறிய வழியில்லை என்பதுதான் கவலைக்குரியது. 7 பின் சாக்கெட் அடிப்படை விளக்குகளுக்குப் போதும். 13 பின் சாக்கெட்டில் ரிவர்ஸ் விளக்கும், கேரவனுக்குள் செல்லும் மின்சாரமும் சேர்ந்து வரும்.

பொருத்தும் நாளில் பம்பர் கழற்றப்படும். பல கார்களில் அதற்குள் இருக்கும் மோதல் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு, டோபாரின் குறுக்குச் சட்டம் அந்த இடத்தில் அமரும். சிலவற்றில் பம்பரின் அடிப்பகுதியில் ஒரு துண்டு வெட்ட வேண்டியிருக்கும். அது வெளியே தெரியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். புதிதாகத் துளை போட்டால் அந்த விளிம்பில் துரு தடுக்கும் பூச்சு வேண்டும். போல்ட்டுகளைக் கையளவில் இறுக்கினால் போதாது. குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சிறிது தூரம் ஓடிய பிறகு மீண்டும் இறுக்கிப் பார்க்கும்படி பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதுகிறார்கள். கார் சுமையோடு நிற்கும்போது உருண்டையின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் டோபாரின் பிடிமானமும் 13 பின் சாக்கெட்டின் வேலையும் பார்க்கப்படும். ஆனால் சோதனையில் தேறியதாலேயே அந்த டோபார் அந்தக் காருக்கு ஒப்புதல் பெற்றது என்று பொருளாகாது.

நல்ல டோபாரையும் தவறான சுமை கெடுத்துவிடும். உருண்டை பின் அச்சுக்கு வெளியே, நெம்புகோலின் நுனிபோல நிற்கிறது. அங்கே அதிக எடை இறங்கினால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கிக்கொள்ளும். முன்சக்கர இயக்கமுள்ள சிறிய காரில் இழுவையும் திருப்பமும் பெரும்பங்கு பிரேக்கும் முன்சக்கரங்களின் பிடியில்தான் இருக்கின்றன. அந்தப் பிடி குறையும். எடை மிகக் குறைந்தாலும் கேடுதான்: டிரெய்லர் வாலைப்போல இருபுறமும் ஆடத் தொடங்கும். சுமையேற்றிய டிரெய்லரின் எடையில் 5 முதல் 7 சதவீதம் உருண்டையின் மேல் இறங்குவது நல்ல அளவு. 1,000 கிலோவுக்கு 50 முதல் 70 கிலோ. ஆனாலும் கார், டோபார், டிரெய்லர் முனை மூன்றின் எல்லைகளிலும் குறைந்ததைத் தாண்டக்கூடாது. இதை அளக்கக் குளியலறை எடைக் கருவியே போதும். சமதரையில் டிரெய்லரின் முனையை ஒரு கட்டையின் மேல் நிறுத்தி, கட்டையைக் கருவியின் மேல் வைத்தால் முள் காட்டுவதுதான் அந்த எடை. கட்டையின் உயரம், இணைத்த நிலையில் முனை நிற்கும் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எடை கூடினாலோ குறைந்தாலோ கனமான சாமானை டிரெய்லரின் அச்சை ஒட்டி நகர்த்திச் சரிசெய்யலாம். இந்த எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதை மறந்து டிக்கியையும் நிரப்பினால் பின் அச்சின் எல்லை உடையும். இப்படி ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் விழலாம்.

டிரெய்லர் இழுக்கும் காருக்கு வேக எல்லையும் மாறுகிறது. ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக்கூடாது. கேரவன் காரைவிட அகலமானால் நீட்டிப்புக் கண்ணாடிகள் வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட வேண்டும்; பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ ஆட்டம் கூடும்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு தொலைபேசி அழைப்புகள் பின்னால் வரும் வழக்குகளைத் தடுக்கும். ஒன்று காப்பீட்டு நிறுவனத்துக்கு. டோபாரை மாற்றமாகக் கருதும் நிறுவனங்கள் உண்டு. சொல்லாமல் விட்டால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு. கார் பாலிசி டிரெய்லருக்கும் நீண்டாலும், பெரும்பாலும் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே. டிரெய்லர் திருடுபோனால் இழப்பீடு பெறத் தனிப் பாலிசி வேண்டும். மற்றோர் அழைப்பு, தவணையிலோ லீஸிலோ எடுத்த கார் என்றால் நிதி நிறுவனத்துக்கு. கடன் தீரும்வரை கார் அவர்களுடையது.

வேலை கெட்டுப்போனால் கைகொடுப்பது 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். விற்ற பொருள் போதிய தரத்தோடு, சொன்னபடி, நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது அது. வாங்குபவர் தம் நோக்கத்தை வணிகரிடம் தெரிவித்திருந்தால், பொருள் அந்தக் குறிப்பிட்ட நோக்கத்துக்கே ஏற்றதாக இருக்க வேண்டும். ஆகவே காரின் பதிவெண், இழுக்கப்போகும் டிரெய்லரின் எடை, 13 பின் சாக்கெட் தேவை ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி, அதற்குப் பதில் வாங்கிவைத்தால் சச்சரவில் அதுவே பாதி வெற்றி. பொருளே குறையுடையது என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். அதன் பிறகு பழுதுநீக்கம் அல்லது மாற்றுப்பொருள். அந்த ஒரு வாய்ப்பும் தோற்றால் விலைக்குறைப்போ திருப்பிக்கொடுத்தலோ. முதல் 6 மாதங்களில் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. விற்றவரே பொருத்தியதில் பிழை என்றால் 30 நாள் உரிமை பொருந்தாது. ஆனால் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தரும்படி கேட்கும் உரிமை உண்டு. இணையத்தில் வாங்கிய டோபாரை, பொதுவாக, கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். காரில் மாட்டிய பிறகு அந்த உரிமையைப் பயன்படுத்துவது சிக்கலாகும் என்பதால், பெட்டியைத் திறந்ததும் தகட்டைப் படிப்பது அவசியம்.

புகாரை எழுத்தில், படங்களோடு அனுப்ப வேண்டும். மறுப்பு வந்தால், கடன் அட்டையில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருள் வாங்கியவர் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமே இழப்பீடு கேட்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவிப் பிரிவு கட்டணமின்றி வழிகாட்டும். கடை தி மோட்டார் ஆம்புட்ஸ்மன் அமைப்பில் உறுப்பினராக இருந்தால் அதன் நடுவரிடம் போகலாம். கடைசிப் படி நீதிமன்றம்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான கோரிக்கை சிறு வழக்கு முறையில், வழக்கறிஞர் இல்லாமலேயே நடக்கும். அங்கே வழக்குத் தொடர 6 ஆண்டுகளும், ஸ்காட்லாந்தில் 5 ஆண்டுகளும் கால வரம்பு.