‘கீழ்’ என்னும் சொல்லும் புவியியல் தகவல் முறைமையும்

மதுரைக்கு மேற்கே, சமணர்மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கீழக்குயில்குடி. அம்மலையிலுள்ள கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தமிழறிஞர் நன்கறிவர். இத்தகைய மலைச்சாரலில் விழும் மழைநீர் கண்மாய்களை அடையும் போக்கினை ஆராய்தற்கு, ஜி.ஐ.எஸ். என வழங்கும் புவியியல் தகவல் முறைமை இன்று பயன்படுகின்றது. அம்முறைமைக்குக் கல்வெட்டும் ஊர்ப்பெயரும் துணையாகுமாற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சிட்ட நிலப்படம் ஒரு காலத்து நிலையை மட்டுமே காட்டும். கண்மாயோ ஐப்பசி, கார்த்திகையிற் பெருகிக் கோடையில் வற்றுவது. 1972இல் ஏவப்பெற்ற முதல் லேண்ட்சாட் தொடங்கிச் செயற்கைக்கோட் படங்கள் பல தொகுக்கப்பெற்றுள்ளன. அண்மை அகச்சிவப்புக் கதிரை நீர் மிகுதியும் உட்கொள்ளும். ஆதலின் அக்கதிரால் எடுத்த படத்தில் நீர்ப்பரப்புக் கருமையாய்த் தோன்றும். வெவ்வேறு நாட்படங்களை அடுக்கி நோக்கின், அப்பரப்பு விரிதலும் சுருங்குதலும் புலனாகும்.

இனி, நீரோட்டத்தைக் கணிக்குமாறு: நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் உயரம் குறிப்பர். ஒரு சதுரத்து நீர், சூழவுள்ள எட்டனுள் சரிவு மிக்கதன்பாற் செல்லும் எனக் கொள்வர். கண்மாயின் முன்னாள் இருப்போடு வரத்தைக் கூட்டி, மடைவழிப் பாய்வதையும், கலிங்கு வழியே மறுகால் போவதையும், ஆவியாவதையும், கசிவதையும் கழிப்பின் மறுநாள் இருப்புக் கிடைக்கும்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. பரவலாகக் கிடைக்கும் உயரத் தரவில் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். அதனினும் ஒடுங்கிய கரையும் வரத்துக்காலும் அதிற் பெரும்பாலும் புலப்படா. சரிவுக்குக் குறுக்கே மாந்தர் வெட்டிய வாய்க்காலைக் கணினி அறியாது. நீரைச் சரிவின் வழியே விட்டுவிடும். விடுபட்டவற்றைக் கள ஆய்வு கொண்டும் பழைய ஆவணம் கொண்டும் சேர்த்தல் வேண்டும். தமிழாய்வாளர் பணி இங்கே தொடங்குகின்றது.

சான்றாக ஒரு சொல்லை நோக்குவோம். கீழக்குயில்குடி என்பதில் ‘கீழ’ என்பது கிழக்குத் திசையைக் குறிக்கும்; மேலக்குயில்குடி என்னும் ஊர் இருத்தல் இதனை வலியுறுத்தும். பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்பதிலோ, ‘மாடக்குளக்கீழ்’ என்பது அக்குளத்தின் பெயரால் அமைந்த நாட்டுப் பிரிவு. மாடக்குளம் கண்மாய் மதுரையின் தென்மேற்கே இன்றும் உள்ளது. முன்னதைப் படத்தில் ஊர்ப்புள்ளியாகக் குறிக்கலாம். பின்னதைப் பரப்பாகவே குறித்தல் வேண்டும். எனினும், நாட்டுப் பிரிவின் எல்லையும் பாசன எல்லையும் ஒன்றே எனத் துணிதல் ஆகாது. எல்லை தெளியாதவிடத்து அதனை ஐயத்திற்குரிய பரப்பு எனத் தனியே வரைதலே முறை. சொற்பொருளில் நேரும் பிழை கணிப்பிலும் பிழையாய் விளையும்.

தல்லாகுளம், ஆத்திகுளம், பீபிகுளம் என்பன இன்று மதுரை நகர்க் குடியிருப்புகளின் பெயர்களாய் வழங்குகின்றன. பெயர் ஒன்றே நீர்நிலையின் இடத்தையும் பரப்பையும் மெய்ப்பியாது. தேடவேண்டிய திசையை அது சுட்டும். இத்தகைய பெயர்களை ஓர் அடுக்காக்கி உயர அடுக்கோடு ஒப்பிடின், பெருமழையில் நீர் தேங்கக்கூடும் இடங்களை முன்னறிதற்கும் அது உதவும்.

ஆதலின், கல்வெட்டாய்வு செய்யும் மாணவர் தாம் காணும் குளம், மடை, கால் ஆகியவற்றின் பெயர், காலம், இன்றைய இடம், அதன் உறுதிப்பாடு ஆகிய நான்கையும் தனித்தனியே பட்டியலிட்டு ஆய்வேட்டோடு இணைத்தல் நன்று. அப்பட்டியல் இல்லையேல், முன்னோர் வெட்டிய கால்கள் கணிப்பினின்றும் மறைந்தொழியும்.