பரளிக்காடு: பவானி நீர்த்தேக்கமும் பரிசல் பயணமும்

நீலகிரியில் தோன்றிக் கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று மீண்டும் தமிழகத்துக்குள் திரும்பும் பவானியாறு, குந்தா நீர்மின் திட்டத்தைச் சார்ந்த பில்லூர் அணையால் தடுக்கப்பட்டுத் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பின் கரையில், காரமடை வனச்சரகத்துக்குள் பரளிக்காடு அமைந்துள்ளது. வனத்துறையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் இருளர் பழங்குடியினரும் இணைந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில், அதாவது காட்டின் இயல்பு குலையாமலும் வருவாய் அங்கு வாழ்வோரைச் சேருமாறும் வகுக்கப்பட்ட பயண முறையில், பரிசலே முதன்மை பெறுகிறது. மரபு முறையில் மூங்கில் பிளாச்சுகளை வட்டமாக முடைந்து, முன்னாளில் தோலாலும் பின்னாளில் தாரும் பிளாஸ்டிக் தாளும் கொண்டும் நீர் புகாவாறு மூடப்பட்ட இக்கலத்துக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடே இல்லாமையால், துடுப்பு சற்றுப் பிசகினாலும் அது நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும். காண்போருக்கு எளிதாகத் தோன்றினும், அதை நேர்க்கோட்டில் செலுத்துவது நெடிய பழக்கத்தால் மட்டுமே கைவரும். நண்பகல் உணவில் கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிளறி உருட்டிய களி இடம்பெறுகிறது. அதை மெல்லாமல், குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம். பிற்பகலில் அத்திக்கடவுப் பகுதியில் ஆற்றுக் குளியல் உண்டு. கோவை மாநகரின் குடிநீரில் ஒரு பகுதி பில்லூரிலிருந்தே செல்வதால், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை ஆற்றில் பயன்படுத்தலாகாது.