மயக்க மருந்து கொடுத்தார்களா... தலைமுடி காட்டிக்கொடுக்குமா?

“ஜூஸ் குடிச்சது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல...” இப்படியொரு புகார் வரும்போது தடயவியல் நிபுணர்கள் சந்தேகிக்கும் மருந்துகளில் ஒன்று ஜி.ஹெச்.பி. ரத்தத்தில் சுமார் 8 மணி நேரம், சிறுநீரில் சுமார் 12 மணி நேரம்... அவ்வளவுதான், தடயம் மறைந்துவிடும். மயக்கம் தெளிந்து, பயம் விலகி, போலீஸுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போது கைகொடுப்பது தலைமுடி. அது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ வளரும். ரத்தத்தில் ஓடும் மருந்து வேரில் படிந்து, முடியோடு சேர்ந்து வெளியே வரும்.

ஆனால், ஒரு சிக்கல். ஜி.ஹெச்.பி நம் எல்லோர் உடலிலும் இயற்கையாகவே கொஞ்சம் உருவாகிறது. மருந்தைத் தொட்டே பார்க்காதவர் முடியிலும் இருக்கும். அளவும் ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவரின் முடியை அவருடைய முடியோடுதான் ஒப்பிட வேண்டும். முடியைச் சுமார் 3 மி.மீ துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் அளவைப் பார்ப்பார்கள். சம்பவம் நடந்த நாள்களுக்குரிய துண்டில் மட்டும் அளவு எகிறியிருந்தால், அது வெளியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். வியர்வையால் வேர்ப்பகுதியில் அளவு கூடுதலாகத் தெரியலாம் என்பதால், சுமார் ஒரு மாதம் கழித்தே முடியை எடுப்பார்கள்.

ஒரே ஒருமுறை கொடுத்த மருந்து முடியில் தெரியாமலும் போகலாம். அதற்காகப் புகார் சொன்னவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. எனவே, சந்தேகம் வந்தால் உடனே ரத்தம், சிறுநீர் மாதிரி கொடுத்துவிடுங்கள். முடியை வெட்டாதீர்கள், டை, பிளீச் வேண்டவே வேண்டாம்!