முடிச்சின் வாலை ஏன் சுடுகிறார்கள்?

திருகோணமலையில், கொட்டியாரக் குடாக் கரையில் உட்கார்ந்து வலை பொத்துபவரின் விரல்களைக் கவனியுங்கள். கிழிந்த கண்ணைக் கட்டி முடித்ததும் நூலை முடிச்சோடு ஒட்ட அறுப்பதில்லை. ஒரு நெல்மணி நீளத்துக்கு வால் விட்டு, நுனியில் லைட்டர் சுடரைக் காட்டுகிறார். நூல் சுருங்கி, கடுகளவு மணியாகத் திரள்கிறது. அழகான வேலை அது.

முடிச்சைப் பிடித்து வைப்பது உராய்வு. இழைமேல் இழை சுற்றச் சுற்ற, பிடி பன்மடங்காகிறது. கம்பளி பின்னுகிறவர்களுக்குக் கவலை குறைவு. கம்பளி மயிரில் ஒன்றையொன்று பற்றும் நுண்செதில்கள் உண்டு. மிச்ச நூலை ஊசியில் கோத்து, பின்னலுக்குள் திசை மாற்றி மாற்றி நுழைத்தாலே அடங்கிவிடும். பருத்தி நூல் நனைந்தால் ஊதி, முடிச்சு இறுகும். வலை நூலான நைலோனோ வழவழப்பு, அலை இழுக்க இழுக்க வால் மெல்ல உள்ளே நழுவும்.

அதற்குத்தான் அந்த மணி. பருத்தி தீயில் கருகும். நைலோன் 6 சுமார் 220 பாகை செல்சியசில் உருகும். மூலக்கூற்றுச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஐதரசன் பிணைப்புகள் தளர, பிரிந்த இழைகள் ஒன்றாகி, ஆறியதும் கெட்டியாகின்றன. நூலைவிடத் தடித்த அந்த மணி முடிச்சுக்குள் எளிதில் புகாது. சுடர் முடிச்சையே தொட்டால்தான் காரியம் கெடும்: சூடு பட்ட இடம் பலமிழந்து, வலை அங்கேயே அறும்.